ஒலங்காவைப் பார்த்துச் சிரித்தோம்

அன்புள்ள சார்,

உங்கள் தளத்தை ஐந்து வருடமாகப் படிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. வயது 34, ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் சூப்பர்வைசர். சிஎஸ்கே ரசிகன். வெறியன் என்றுதான் வீட்டில் சொல்வார்கள். 2023 ஐபிஎல் ஃபைனலுக்கு அகமதாபாத் போயிருந்தேன். மே 28 அன்று மழையால் ஆட்டம் மறுநாளுக்குத் தள்ளிப்போனது. அன்று ராத்திரி மஞ்சள் ஜெர்சியோடு ரயில்வே ஸ்டேஷன் தரையில் படுத்துக் கிடந்த கூட்டத்தில் நானும் ஒருவன்.

தல தோனியைப் பார்த்துத்தான் குடியை விட்டேன். காலை 5 மணிக்கு எழுந்து ஓட ஆரம்பித்ததும் அவரைப் பார்த்துத்தான். கோபம் வந்தால் வாயை மூடிக்கொள்ளக் கற்றுக்கொண்டதும் அவரிடம்தான்.

அந்த ஸ்டேஷனில் படுத்துக்கொண்டு போனை நோண்டியபோது, டெல்லியில் மல்யுத்த வீராங்கனைகளைப் போலீஸ் ரோட்டில் இழுத்துப் போகும் படம் வந்தது. தள்ளிவிட்டுத் தூங்கிவிட்டேன். இப்போது அதுதான் உறுத்துகிறது. போன மாதம் நண்பர்கள் வாட்ஸப் குரூப்பில், "அன்னைக்கு நம்ம பெரிய ஆளுங்க ஒரு வார்த்தை பேசியிருக்கலாமே" என்று போட்டேன். பத்து வருட நண்பர்கள், துரோகி என்று சொல்லி குரூப்பை விட்டே தூக்கிவிட்டார்கள்.

விளையாட்டு வீரனிடம் இதை எதிர்பார்ப்பது சிறுபிள்ளைத்தனமா? கடைசி ஓவரில் அவ்வளவு தைரியமாக நிற்பவர்களுக்கு ஒரு வாக்கியம் பேச ஏன் தைரியம் வரவில்லை? அந்த ஜெர்சியை இன்னும் போடலாமா?

ஆர்., ஓசூர்

*

அன்புள்ள ஆர்.,

ஜெர்சி கேள்விக்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் அந்த மூன்று நாளை வரிசைப்படுத்திக்கொள்வோம். மே 28 காலை, புதிய நாடாளுமன்றக் கட்டடம் திறக்கப்பட்ட அன்று, அதை நோக்கி நடந்த வினேஷ் போகாட், சாக்‌ஷி மாலிக், பஜ்ரங் பூனியா ஆகியோரைப் போலீஸ் பிடித்து வண்டியில் ஏற்றியது. மல்யுத்த சம்மேளனத் தலைவர் மீதான பாலியல் தொல்லைக் குற்றச்சாட்டுக்காக ஏப்ரல் 23 முதல் ஜந்தர் மந்தரில் உட்கார்ந்திருந்தவர்கள் அவர்கள். அவர் குற்றச்சாட்டை மறுத்தார். அன்று இரவு உங்களுக்கு மழை. மே 30 அதிகாலை, கடைசி இரண்டு பந்தில் 10 ரன் தேவை என்று இருந்தபோது ஜடேஜா ஒரு சிக்ஸர், ஒரு ஃபோர் அடித்தார். கோப்பை நம் கைக்கு வந்தது. அதே நாள் சாயங்காலம் அந்த மூவரும் பதக்கங்களைக் கங்கையில் விட ஹரித்துவார் போய்ப் படித்துறையில் உட்கார்ந்து அழுதார்கள். விவசாயிகள் சங்கத் தலைவர் நரேஷ் திகைத் வந்து சமாதானம் சொல்லித் திருப்பி அழைத்துப்போனார். விடியற்காலை ஒரு நாட்டில், சாயங்காலம் வேறு நாட்டில் நடந்தது போல இருக்கிறது. நானும் அன்று காலை ஜடேஜாவின் ஃபோரைத்தான் பதினைந்து தடவை பார்த்தேன். நீங்கள் மட்டும் படத்தைத் தள்ளிவிடவில்லை.

உங்கள் தலயைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஒருவர் ஏன் பேசவில்லை என்பது அவருக்குத்தான் தெரியும். ஆனால் கடைசி ஓவர் நிதானத்தையும் பொதுவில் பேசும் துணிச்சலையும் ஒரே சரக்கு என்று நினைத்துக் கேட்டிருக்கிறீர்கள். அங்கேதான் எனக்குச் சந்தேகம். கடைசி ஓவர் என்பது பழக்கம். வலையில் ஆயிரம் தடவை ஆடிப்பார்த்தது. பொதுவில் வாய் திறப்பதற்கு வலைப்பயிற்சி கிடையாது, முதல் பந்தே மேட்ச் பந்து.

இன்னொன்றும் உண்டு. சச்சின் 2004 ஜனவரியில் சிட்னியில் அடித்த 241 நினைவிருக்கிறதா? கவர் டிரைவ் ஆடப்போய் அவுட் ஆகிக்கொண்டே இருந்ததால், அந்த ஷாட்டையே ஒதுக்கிவைத்துவிட்டுப் பத்து மணி நேரம் ஆடினார். ஒழுக்கம் என்றால் எனக்கு இன்றும் அந்த இன்னிங்ஸ்தான். ஆனால் பாருங்கள், அது விட்டுவிடுகிற கலை. ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போவதைத் தொடாமல் விடுவது. "உன் வேலையைப் பார், வெளியே நடப்பதை விடு" என்று பத்து வயதிலிருந்து ஒருவனுக்குச் சொல்லிச் சொல்லித்தான் அவனை வீரனாக்குகிறார்கள். அது முற்றிப்போனால், எல்லாமே ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகிற பந்தாகத் தெரியும்.

இதை நான் அனுபவித்தே சொல்கிறேன். பதினோரு வருடம் மழையானாலும் காய்ச்சலானாலும் விடியற்காலை ஓடியவன் நான். அந்தக் காலத்தில் ஒரு நாள் ஆபீஸ் மீட்டிங்கில் கூட வேலை பார்த்த அம்மா ஒருவரை நிற்க வைத்து, அவர் செய்யாத தப்புக்குக் கேள்வி கேட்டார்கள். அந்த ஃபைலில் இருந்தது என் கையெழுத்து. எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். நான் என் நோட்டில் சின்னச் சின்னச் சதுரங்களாக வரைந்துகொண்டிருந்தேன். ஒரு பக்கம் முழுக்க. அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு மாதத்தில் வேலையை விட்டுப் போய்விட்டார். மறுநாள் காலையும் நான் ஓடப் போனேன், அன்றைக்கு வேகம்கூட நன்றாக வந்தது.

சரி, ஹென்றி ஒலங்காவுக்கு வருவோம். உங்களுக்கு அப்போது ஏழெட்டு வயது இருக்கும், தெரியாமல் போயிருக்கலாம். ஜிம்பாப்வேயின் வேகப்பந்து வீச்சாளர். 1998 நவம்பரில் ஷார்ஜாவில், லீக் ஆட்டத்தில் கங்குலி, டிராவிட், சச்சின் மூவரையும் எடுத்து இந்தியாவைத் தோற்கடித்தார். சச்சின் ஒரு பவுன்சரைத் தடுக்கப்போய்க் கேட்ச் கொடுத்தார். இரண்டு நாள் கழித்து ஃபைனல். சச்சின் 92 பந்தில் 124, அவுட் இல்லை. 197 ரன்னை 30 ஓவரில் விக்கெட் இழப்பே இல்லாமல் முடித்தார்கள். ஒலங்கா 6 ஓவரில் 50 கொடுத்தார்.

ஹாஸ்டல் டிவி ரூமில் எழுபது பேர் நின்றுகொண்டு பார்த்தோம். ஒவ்வொரு அடிக்கும் மெஸ் தட்டைத் தட்டினோம். அதற்கப்புறம் ஒரு வருடத்துக்கு எங்கள் கிரவுண்டில் அடி வாங்குகிற பௌலருக்கெல்லாம் பெயர் ஒலங்காதான். "ஒலங்கா, அடுத்த ஓவர் நீ போடுறியா?" என்றால் எல்லோரும் சிரிப்போம். 1999 உலகக் கோப்பையில் லெஸ்டரில் அதே ஆள் ஒரே ஓவரில் நம் கடைசி மூன்று விக்கெட்டையும் எடுத்து 3 ரன்னில் நம்மைத் தோற்கடித்தபோதுகூட அந்தப் பெயரின் பொருள் மாறவில்லை. ரசிகனின் ஞாபகம் அப்படி. வேண்டியதை மட்டும் வைத்துக்கொள்ளும்.

அவருடைய கதையே அடி வாங்கி எழுந்திருக்கிற கதைதான். 1995இல் 18 வயதில் முதல் டெஸ்ட், ஜிம்பாப்வேக்கு ஆடிய முதல் கருப்பினத்தவர். அந்த டெஸ்டில்தான் அந்த நாட்டுக்கு முதல் வெற்றி. அதே டெஸ்டில் இவர் பந்தை எறிகிறார் என்று நடுவர் நோபால் கொடுத்தார். போய், பந்து வீசும் முறையையே உடைத்து முதலிலிருந்து கட்டிக்கொண்டு திரும்பி வந்தார்.

2003 பிப்ரவரி 10. உலகக் கோப்பை, ஹராரே, நமீபியாவோடு ஆட்டம். ராபர்ட் முகாபே ஆட்சி. அவர்தான் அந்த நாட்டுக் கிரிக்கெட் சங்கத்தின் புரவலரும். ஆட்டம் தொடங்கும் நேரத்தில் பத்திரிகையாளர்கள் கைக்கு ஒரு அறிக்கை வந்தது. கீழே இரண்டு பெயர்: அந்த அணியின் பேட்ஸ்மேன் ஆண்டி ஃபிளவர், ஹென்றி ஒலங்கா. ஒருவர் வெள்ளையர், ஒருவர் கருப்பர். யோசித்துத்தான் அப்படி வைத்தார்கள். எங்கள் அன்புக்குரிய ஜிம்பாப்வேயில் ஜனநாயகம் செத்துப்போனதற்காக இந்த உலகக் கோப்பை முழுக்கக் கையில் கருப்புப் பட்டை அணிகிறோம் என்று அதில் இருந்தது. ஃபிளவர் பட்டையோடு பேட் செய்ய வந்தார். 39 ரன். ஒலங்கா பட்டையோடு பால்கனியில் உட்கார்ந்திருந்தார். கோஷம், மைக், கூட்டம் ஒன்றும் கிடையாது. கையில் ஒரு கருப்புத் துண்டு, அவ்வளவுதான்.

அப்புறம் நடந்ததுதான் விலை. ஒலங்காவின் சொந்த கிளப் அவரை நீக்கியது. கருப்புத் தோலுக்குமேல் வெள்ளை முகமூடி மாட்டியவர் என்று அமைச்சர் ஒருவர் ஏசினார். பெரும்பாலான ஆட்டங்களில் அணியில் இடமில்லை. கொலை மிரட்டல்கள், தேசத்துரோக வழக்கு வரும் என்ற பேச்சு. அந்தக் குற்றத்துக்கு அப்போது அங்கே தூக்குத் தண்டனை. அவரைக் காப்பாற்றியதில் மழைக்கும் பங்கு உண்டு. பாகிஸ்தானோடு புலவாயோவில் நடந்த ஆட்டம் மழையில் போனதால் ஜிம்பாப்வே அடுத்த சுற்றுக்குத் தகுதி பெற்றது. அந்தச் சுற்று தென்னாப்பிரிக்காவில். நாட்டை விட்டு வெளியே வந்தவர் திரும்பவில்லை. இங்கிலாந்தில் ஒதுங்கினார். 26 வயதில் கிரிக்கெட் முடிந்தது. ஃபிளவர் இங்கிலாந்துக்குப் பயிற்சியாளராகி உலகின் முதல் இடம் வரை கொண்டுபோனார். ஒலங்காவுக்கு அந்த மாதிரி இரண்டாவது ஆட்டம் கிடைக்கவில்லை. பாட்டுப் பாடினார், ஓவியம் வரைந்தார், ஆஸ்திரேலியாவில் குடியேறினார். 2019இல் அங்கே ஒரு டிவி பாட்டுப் போட்டியில் வந்து நின்றபோது, இவர் யார் என்று தெரியாதவர்கள்தான் அதிகம்.

இதைப் படித்தபோது எனக்கு முதலில் வந்தது வெட்கம்தான். எழுபது பேர் தட்டைத் தட்டி யாரைப் பார்த்துச் சிரித்தோம்!

அதனால் எதிர்பார்ப்பது சிறுபிள்ளைத்தனமா என்றால், இல்லை. நடந்திருக்கிறது, மனிதர்கள் செய்திருக்கிறார்கள். ஆனால் நாம் யாரிடம் எதிர்பார்க்கிறோமோ அவரிடம்தான் இருக்கும் என்பதில்லை. ஒரே ஆளிடம் இரண்டும் இருப்பதும் உண்டு. சாக்‌ஷி மாலிக் ரியோ ஒலிம்பிக்கில் 0-5 என்று பின்தங்கி, கடைசி நொடிகளில் 8-5 ஆக்கி வெண்கலம் வாங்கியவர். அதே சாக்‌ஷிதான் 2023 டிசம்பரில், குற்றம் சாட்டப்பட்டவரின் நெருங்கிய ஆளே சம்மேளனத் தேர்தலில் ஜெயித்ததும், நிருபர்கள் முன்னால் மேஜைமேல் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்துபோனார். சுழற்பந்து வீச்சாளர் கும்ப்ளே உடைந்த தாடையோடு ஆன்டிகுவாவில் 14 ஓவர் போட்டவர். மே 30 அன்று, மல்யுத்த வீரர்களை நடத்திய விதம் வருத்தம் தருகிறது என்று வெளிப்படையாக எழுதினார். ஓய்வு பெற்றவர்தானே, அவருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். கேட்கலாம், நானும் கேட்டேன். ஆனாலும் எழுதினார்.

இதில் நம் பங்கையும் மறக்கக் கூடாது. 2021 அக்டோபரில் பாகிஸ்தானிடம் தோற்றதும் நம் பந்துவீச்சாளர் ஷமியை மதத்தைச் சொல்லித் திட்டினார்கள். கேப்டன் கோலி செய்தியாளர் கூட்டத்தில் உட்கார்ந்து, அது மிகக் கேவலமான செயல் என்று நேராகச் சொன்னார். பதிலுக்கு ஒரு வயதுகூட ஆகாத அவர் மகளுக்கு மிரட்டல் வந்தது. மிரட்டியது எதிரி நாட்டுக்காரன் இல்லை. இதைப் பார்த்த அடுத்த வீரன் என்ன கற்றுக்கொண்டிருப்பான்? உங்கள் நண்பர்கள் உங்களை குரூப்பிலிருந்து தூக்கியதும் அதே பாடம்தான், சின்ன அளவில்.

ரசிகர் கூட்டம் என்றாலே அப்படித்தான் என்றும் சொல்லிவிட முடியாது. 1999 ஜனவரி 31, சேப்பாக்கம், பாகிஸ்தானோடு டெஸ்ட். அந்த மாதம்தான் இந்தத் தொடர் நடக்கக் கூடாது என்று டெல்லியில் ஆடுகளத்தையே தோண்டிப் போட்டிருந்தார்கள். 271 இலக்கு. முதுகுவலியோடு சச்சின் 136. இன்னும் 17 ரன் இருக்கும்போது அவுட். மிச்ச மூன்று விக்கெட்டும் 4 ரன்னில் போயின. 12 ரன்னில் தோல்வி. நான் டிவியில் பார்த்தேன். கொஞ்ச நேரம் மைதானத்தில் சத்தமே இல்லை. அப்புறம் எங்கேயோ ஒரு மூலையில் கைத்தட்டல் ஆரம்பித்தது. பாகிஸ்தான் அணி மைதானத்தைச் சுற்றி ஓட ஓட, சேப்பாக்கம் எழுந்து நின்று தட்டியது. அதைப் பற்றி இன்றும் பெருமையாகப் பேசுகிறோம். எனக்குத் தெரிய வேண்டியது வேறு: முதலில் தட்டியது யார்? பக்கத்து சீட்டுக்காரன் முறைப்பானோ என்று ஒரு நொடி யோசித்திருப்பார் இல்லையா?

ஜெர்சியைத் தாராளமாகப் போடுங்கள். குடியை விட வைத்த துணி அது, அதன் வேலையை அது செய்துவிட்டது. காலை ஓட்டத்தையும் விடாதீர்கள். கோபம் வந்தால் வாயை மூடிக்கொள்ளக் கற்றேன் என்று எழுதியிருந்தீர்களே, அதை மட்டும் இன்னொரு தடவை யோசியுங்கள். அந்த குரூப்பில் வாயைத் திறந்தீர்கள் என்றால் அந்தப் பாடத்தை ஏற்கெனவே கொஞ்சம் மறந்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

நண்பர்கள் அடுத்த ஐபிஎல் ஆரம்பித்ததும் தானாகவே திரும்பச் சேர்த்துக்கொள்வார்கள். பத்து வருட சிநேகிதம், டிக்கெட்டுக்கு ஆள் வேண்டுமே. சேர்த்ததும் அந்தப் பழைய செய்தியை அழிக்கச் சொல்வார்கள். அழிக்காதீர்கள்.

அன்புடன்.