மூட்டுவலியோடு எழுதுகிறேன். வலி கூடாமல் தமிழில் தட்டச்சு செய்ய வழி உண்டா?

குரல்வழித் தட்டச்சுக்கு மாறச் சொல்லி இந்நேரம் பலர் உங்களிடம் கூறியிருப்பார்கள். எனக்கும் சொன்னார்கள். கடிதம் எழுத அது போதும். ஒரே வாக்கியத்தை நான்கு முறை அடித்துத் திருத்துகிறவருக்குப் போதாது. அது செய்கிற லகர ளகரப் பிழைகளைத் திருத்தவே மறுபடியும் விரல் வேண்டும்.

எனக்கு முடக்குவாதம் வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. காலையில் ஒரு மணி நேரம் விரல்கள் மடங்காது. வெந்நீரில் கையை வைத்திருந்து, பால் பாக்கெட்டைக் கத்தரிக்க முடிந்தால்தான் கணினிப் பக்கம் போவேன். எல்லாவற்றிலும் அதிகமாக வலித்தது இடது சுண்டுவிரல். காரணம் நெடுநாள் பிடிபடவில்லை. ஒருநாள்தான் கவனித்தேன்: ஆங்கில எழுத்துகளை வைத்து ஒலிப்பு முறையில் அடிக்கும்போது ஒவ்வொரு ணகரத்துக்கும் ளகரத்துக்கும் அந்த விரல் விறைத்தபடி ஷிப்ட் விசையை அழுத்திக்கொண்டு நிற்கிறது.

தமிழ்99க்கு மாறினேன். 1999இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட விசைப்பலகை அது. உயிரெழுத்துகள் இடக்கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கு. கிரந்த எழுத்துகளுக்குத்தான் ஷிப்ட் தேவை. ககரத்தை இருமுறை தட்டினால் முதல் ககரத்துக்குப் புள்ளி தானே விழும். 'வணக்கம்' என்று அடிக்க முன்பு ஷிப்டோடு சேர்த்து ஒன்பது அழுத்தல், இதில் ஆறு. ஒரு நாள் முழுக்க எழுதுகிறவருக்கு அந்த மூன்று எவ்வளவு பெரிது என்பது வலித்தவருக்குத் தெரியும். முதல் மூன்று வாரம் ஒரு பத்திக்கு அரை மணி நேரம் ஆனது. அழுதிருக்கிறேன். இப்போது சுண்டுவிரல் சும்மா இருக்கிறது.

இதனால் நோய் தீர்ந்தது என்று நான் சொல்லவில்லை. வார மாத்திரையும் ரத்தப் பரிசோதனையும் தொடர்கின்றன. மருந்தை விடச் சொன்னதாக யாரும் கிளம்ப வேண்டாம். ஒலிப்பு முறையில் எழுதுகிறவர்களோடும் எனக்குச் சண்டை இல்லை.

என் கோபம் ஒரு பதிப்பகத்தின் மீது. எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடை 2010இலேயே தமிழக அரசு ஏற்றுவிட்டது. இவர்களோ சென்ற ஆண்டு என் 180 பக்கங்களையும் யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில்தான் வேண்டும் என்றார்கள். எழுத்துரு மாற்றும் மென்பொருளில் போட்டதும் கொம்பும் காலும் இடம்மாறின. பதினோரு நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்தினேன். கை வீங்கிவிட்டது என்று சொன்னதற்கு, "அது எழுத்தாளர் செய்ய வேண்டிய வேலைதானே?" என்றார்கள். இன்றுவரை ஆறவில்லை.

விசைப்பலகைப் படத்தைத் திரைக்குக் கீழே ஒட்டிக்கொண்டு நாளுக்குப் பதினைந்து நிமிடம் மட்டும் பழகுங்கள். கை வீங்கியிருக்கும் நாளில் தொடாதீர்கள்.