அலுவலக மெயில் சர்வரில் ஒவ்வொருவரும் அனுப்பும் மெயில்களுக்கு வரம்பு வைப்பது எப்படி?

நீங்களும் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் மென்பொருள்தான் வைத்திருப்பீர்கள், யாரோ ஒருவரின் கணக்கிலிருந்து ஸ்பாம் போய் மேலிடத்தில் ஏச்சு வாங்கியிருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

தேடினால் முதலில் கிடைப்பது 'கிளையன்ட் மெசேஜ் ரேட் லிமிட்' என்ற போஸ்ட்ஃபிக்ஸ் அமைப்பு. அதை நம்பி உட்காராதீர்கள். அது ஐபி முகவரியைத்தான் எண்ணும், ஆளை எண்ணாது. போதாக்குறைக்கு 'மைநெட்வொர்க்ஸ்' என்ற, சர்வர் நம்பும் கணினிகளின் பட்டியலில் உள்ளவற்றுக்கு, நாமாக மாற்றாவிட்டால், அந்த வரம்பே கிடையாது.

ஹட்டனில் நான் வேலை செய்யும் தேயிலைக் கம்பனியில் அந்த வரம்பு மட்டும்தான் இருந்தது. ஒரு கிளாக்கரின் பாஸ்வேர்ட் களவு போய் ராத்திரி முழுக்க ஸ்பாம். காலையில், போகாமல் காத்திருக்கும் மெயில் வரிசையைப் பார்க்க 'மெயில்க்யூ' கட்டளை அடித்தால் திரை நிற்காமல் ஓடுகிறது, வரிக்கு வரி அந்த மனுஷனின் பெயர். கொழும்பு ஏலத்துக்காக புரோக்கருக்குப் போகவேண்டிய இன்வொய்ஸ் பட்டியலும் அதற்குள் சிக்கிக் கிடந்தது. முதலில் பாஸ்வேர்டை மாற்றினேன். அப்புறம் வரிசை முழுவதையும் துடைக்காமல், அவர் பெயரில் இருந்ததை மட்டும் 'போஸ்ட்சூப்பர்' கட்டளை கொண்டு நீக்கினேன்.

சரியான வழி, போஸ்ட்ஃபிக்ஸோடு இணைந்து ஓடும் 'போஸ்ட்எஃப்டபிள்யூடி' அல்லது 'பாலிசிடி' என்ற துணை மென்பொருளை வைத்து லாகின் பெயரால் எண்ணுவது. அதைக் கூப்பிடும் விதியை, பெறுநர் ஒவ்வொருவருக்கும் சோதனை நடக்கும் 'ரெசிப்பியன்ட் ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்' பகுதியில் வையுங்கள். ஒரே மெயிலில் நூறு பேரை பிசிசியில் போட்டாலும் நூறாக எண்ணும். மெயிலை அனுமதிக்கும் 'பெர்மிட்' வரிகளுக்கு மேலே இருக்கவேண்டும். கீழே போட்டால் அந்த விதி வரை போகாமலேயே மெயில் வெளியேறிவிடும்.

சின்ன ஆபீஸுக்கு இதெல்லாம் எதற்கு, கூகுளுக்கு மாறலாமே என்று சிலர் வருவார்கள். அங்கேயும் வரம்பு உண்டு: சாதாரண ஜிமெயிலில் நாளுக்கு 500, காசு கட்டும் வொர்க்ஸ்பேஸில் 2000. 2022இல் ரூபாய் விழுந்த பிறகு டொலர் கணக்கில் ஒரு பில் என்றால் எங்கள் கணக்குப் பிரிவு கையெழுத்தே போடாது.

வரம்பு தாண்டினால், மெயிலைச் சத்தமில்லாமல் எறிந்துவிடும் 'டிஸ்கார்ட்' போடச் சொல்பவர்கள் மேல் எனக்குக் கோபமே வருகிறது. மெயில் காணாமல் போகும், அனுப்பியவருக்கோ போய்ச் சேர்ந்ததாகவே தெரியும். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான எங்கள் லயன் காம்பிராவுக்குத் தனி முகவரி கிடையாது, கடிதமெல்லாம் தோட்ட ஆபீஸுக்குத்தான் வரும். அக்காவின் நேர்முகப் பரீட்சைக் கடிதம் அங்கேயே கிடந்து, தேதி முடிந்த பிறகுதான் கைக்கு வந்தது. ஏன் என்று கேட்டதற்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை. இன்றைக்கும் பல தோட்டங்களில் இதே கதைதான்.

ஆகவே 'இப்போதைக்கு ஏற்க முடியாது' என்று சொல்லும் 450 குறியீட்டோடு, காரணத்தையும் ஒரு வரி எழுதித் திருப்புங்கள். அளவு எவ்வளவு என்பதை லாகைப் பார்த்து முடிவு செய்யுங்கள்: அதிகம் அனுப்புகிறவர் வேலை மும்முரமான நாளில் எத்தனை பேருக்கு அனுப்புகிறாரோ, அதற்குக் கொஞ்சம் மேலே.