கடன் பாக்கி என்று மிரட்டும் அழைப்புகள்: கேள்வி பதில்

ஒரு தனியார் கடன் நிறுவனத்தின் வசூல் பிரிவில் பதினொரு வருடம் இருந்தவன் நான். இப்போது இப்படிப்பட்ட அழைப்பு வந்து கலங்கி நிற்பவர்களுக்குப் புகார் எழுதிக் கொடுக்கிறேன். செயலியில் வாங்கும் குறுங்கடன், அதை வைத்து வரும் மிரட்டல் ஆகியவை பற்றிக் கேளுங்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு செயலியில் 5,000 ரூபாய் வாங்கி அடைத்துவிட்டேன். இப்போது தினமும் ஒருவர் கூப்பிட்டு, 18,600 பாக்கி, மாலை ஐந்துக்குள் கட்டாவிட்டால் போலீஸ் வரும் என்கிறார். என் பான் எண், பழைய முகவரி எல்லாம் சரியாகச் சொல்கிறார். உண்மையாக இருக்குமோ? (திருப்பூர்)

உங்கள் பான் எண் அவருக்குத் தெரியும் என்பதால் அவர் சொல்வது உண்மையாகிவிடாது. கடனுக்கு விண்ணப்பித்தவர்களின் விவரங்கள் கைமாறிக் கைமாறி எங்கெங்கோ போகின்றன. ஏமாற்றுபவனுக்கு முதலில் கிடைப்பதே அதுதான்.

அவனிடம் இல்லாதது ஒன்று உண்டு. உண்மையான டெலிகாலரின் திரையில் லோன் அக்கவுண்ட் நம்பர், பணம் கொடுத்த தேதி, தவணை, எத்தனை நாள் தாமதம் எல்லாம் வரிசையாக இருக்கும். அந்த எண் இல்லாமல் நீங்கள் கட்டும் பணத்தை அவரால் வரவு வைக்கவே முடியாது. அதனால் இப்படிக் கேளுங்கள்: கடன் கொடுத்த வங்கி அல்லது என்பிஎஃப்சி (வங்கியல்லாத நிதி நிறுவனம்) எது? (செயலியின் பெயர் போதாது.) லோன் அக்கவுண்ட் நம்பர் என்ன? எந்தத் தேதியில், எந்த வங்கிக் கணக்குக்குப் பணம் வந்தது? உங்களை வசூலுக்கு நியமித்த கடிதம் எங்கே? வசூல் முகவர் தொடர்புகொள்ளும் முன்பே அவர் விவரத்தைக் கடன் வாங்கியவருக்கு நிறுவனம் தெரிவிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி.

போன மாதம் ஒரு பெண் என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார். முதல் இரண்டு நிமிடம் ஒரே கூச்சல், பின்னால் இன்னும் நாலு பேர் பேசும் சத்தம். "லோன் நம்பர் சொல்லுங்க, எழுதிக்கிறேன்" என்றார் அவர். "சிஸ்டத்துல இருக்கு மேடம்." "அப்ப சிஸ்டத்தப் பாத்துச் சொல்லுங்க." கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு இணைப்பு துண்டானது. பேனாவைப் பிடித்திருந்த அவர் கை அதுவரை நடுங்கிக்கொண்டேதான் இருந்தது.

அடுத்து, உங்கள் பெயரில் உள்ள கடன்களைக் காட்டும் கிரெடிட் ரிப்போர்ட் எடுங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹை மார்க் என்ற நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் வருடத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும். முறையாகக் கொடுத்த கடன் அதில் பதிவாகியிருக்கும். இரண்டு வருடத்துப் பாக்கி நான்கிலுமே இல்லையென்றால் அந்த ஆளை நம்ப ஒரு காரணமும் இல்லை. அடைத்ததற்கான ரசீதோ, பாக்கி இல்லை என்ற சான்றிதழோ (என்ஓசி) இருந்தால் பத்திரமாக வையுங்கள்.

எல்லோருக்கும் சேர்த்து ஒன்று சொல்கிறேன், திரும்பவும் சொல்வேன்: கூப்பிட்ட ஆள் கொடுத்த எண்ணுக்கோ, லிங்க்குக்கோ, க்யூஆருக்கோ ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். டிஜிட்டல் கடனைத் திருப்பிக் கட்டும் பணம் கடன் கொடுத்த நிறுவனத்தின் கணக்குக்கே நேராகப் போக வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது. யுபிஐயில் ரகசிய பின் எண் போடும் முன் பெறுபவர் பெயர் தெரியும். அங்கே யாரோ ஒரு தனிநபரின் பெயர் வந்தால் அதோடு நிறுத்துங்கள்.

அத்தை பையன் வாங்கிய கடனுக்கு என்னைக் கூப்பிடுகிறார்கள். ரெஃபரன்ஸாக என் நம்பரைக் கொடுத்தானாம். (மதுரை)

ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால்தான் உங்களுக்குப் பொறுப்பு. ரெஃபரன்ஸுக்குப் பொறுப்பு கிடையாது. ரெஃபரன்ஸாக இருப்பவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று ரிசர்வ் வங்கியின் 2022 ஆகஸ்ட் சுற்றறிக்கை நேராகவே சொல்கிறது.

கட்டாவிட்டால் கைது செய்வார்களா? (சேலம்)

கடனைக் கட்ட முடியாமல் போவது மட்டும் குற்றமில்லை, அது சிவில் வழக்கு. ஒரு விதிவிலக்கு தெரிந்திருக்க வேண்டும். காசோலை திரும்பினால் 1881ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டம் 138ஆம் பிரிவிலும், தானியங்கித் தவணை திரும்பினால் 2007ஆம் ஆண்டின் பேமென்ட் அண்ட் செட்டில்மென்ட் சிஸ்டம்ஸ் சட்டம் 25ஆம் பிரிவிலும் வழக்குப் போட முடியும். அதற்கும் முதலில் எழுத்தில் நோட்டீஸ் வரும், அது கிடைத்ததிலிருந்து கட்டுவதற்குப் பதினைந்து நாள் அவகாசம் உண்டு. மாலை ஐந்து மணிக்குள் என்று கெடு வைக்கும் கோர்ட் எதுவும் இல்லை.

என் போட்டோவை மோசமாக மாற்றி, கான்டாக்டில் உள்ளவர்களுக்கு அனுப்பப் போவதாக வாட்ஸ்அப்பில் சொல்கிறார்கள். இரண்டு பேருக்கு அனுப்பியும் விட்டார்கள். சாப்பாடு இறங்கவில்லை. வீட்டில் சொல்லப் பயமாக இருக்கிறது. (ஊர் வேண்டாம்)

அம்மா, முதலில் வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். இன்றைக்கே சொல்லுங்கள். நீங்கள் வெளியே சொல்ல மாட்டீர்கள் என்பதுதான் அவர்களுடைய ஒரே பலம். பணம் அனுப்பினாலும் படம் அவர்களிடமே இருக்கும், அடுத்த வாரம் தொகை கூடும்.

அழிப்பதற்கு முன் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். எண், நேரம், படம் போய்ச் சேர்ந்தவர்களின் திரை, பணம் கேட்ட யுபிஐ ஐடி எல்லாம் வேண்டும். உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்குக் கூப்பிடுங்கள், சைபர் கிரைம் தேசிய இணையதளத்திலும் பதியுங்கள். ஆபாசப் படம் பரப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67, 67ஏ பிரிவுகளில் குற்றம். மிரட்டிப் பணம் கேட்பது தனிக் குற்றம். நீங்கள் வாங்கிய கடன் உண்மையாகவே இருந்தாலும் இந்தக் குற்றங்கள் குற்றங்கள்தான். புகாரில் அதையும் எழுதுங்கள், மறைக்க வேண்டியதில்லை.

உறவினர்களுக்கு நீங்களே முந்திக்கொண்டு ஒரு வரி அனுப்புங்கள்: "என் போன் விவரத்தைத் திருடி மிரட்டுகிறார்கள், என் பெயரில் எது வந்தாலும் திறக்காமல் எனக்குச் சொல்லுங்கள், போலீசில் புகார் கொடுத்திருக்கிறேன்." இதை அனுப்பிய பிறகு மிரட்டல் பாதியாகக் குறைந்ததைப் பலரிடம் பார்த்திருக்கிறேன். அந்தச் செயலிக்குக் கொடுத்த அனுமதிகளை நீக்கிவிட்டு, செயலியையும் எடுத்துவிடுங்கள். கடன் செயலி கான்டாக்ட் பட்டியலையும் படங்களையும் தொடவே கூடாது என்பதும் விதிதான்.

இரவில் தனியாக இருக்காதீர்கள். நாளை புகார் எண் கிடைத்ததும் எனக்குச் சொல்லுங்கள்.

வாங்கும்போது இனிக்கிறது, கட்டும்போது கசக்கிறதா? நானும் சின்னதாக ஃபைனான்ஸ் நடத்துகிறேன். கட்டாமல் தப்பிக்க நீங்கள் பாடம் எடுக்கிறீர்கள். (ஈரோடு)

வாங்கியதைக் கட்ட வேண்டாம் என்று ஒரு வரியிலும் நான் சொல்லவில்லை. யாரிடம் வாங்கினோமோ அவரிடம், அவருடைய கணக்கில், ரசீதோடு கட்டச் சொல்கிறேன். இதில் நேர்மையான ஃபைனான்ஸுக்கு என்ன நஷ்டம்?

இவர்கள் கொடுப்பது என்ன கடன் என்று கணக்குப் பாருங்கள். 5,000 என்று சொல்லி, செலவு என்று பிடித்துக்கொண்டு 3,200 கையில் தருவார்கள். ஏழாம் நாள் 5,000 வேண்டும். ஏழு நாளைக்கு நூற்றுக்கு ஐம்பத்தாறு வட்டி! தமிழ்நாட்டில் 2003லேயே கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது. அறுபது நாளுக்குள் முழுதும் கட்டச் சொல்லும் கடன் செயலிகளைக் கூகுள் பிளேயே அனுமதிப்பதில்லை. அதனால்தான் வாட்ஸ்அப்பில் ஏபிகே கோப்பாக (பிளே ஸ்டோர் இல்லாமலே செயலியை நிறுவும் கோப்பு) அனுப்பி இறக்கச் சொல்கிறார்கள்.

அழுத்தம் கொடுக்காமல் எவன் கட்டுவான்? வசூலில் இருந்த நீங்களே சொல்லுங்கள். (மறுபடியும் ஈரோடு)

சொல்கிறேன். சம்பளம் வரும் தேதியைக் கேட்டு வைத்து, அதற்கு மறுநாள் காலையில் மரியாதையாகக் கூப்பிட்டால் பெரும்பாலோர் கட்டினார்கள். முடியாதவர்களுக்குத் தவணையைப் பிரித்துக் கொடுத்தால் அவர்களும் கட்டினார்கள்.

இன்னொன்றும் பார்த்தேன். மனைவி ஆஸ்பத்திரியில் என்று சொன்ன ஒருவருடைய ஆபீசுக்கு போன் போடச் சொன்னார் என் மேலாளர். போட்டேன். ரிசப்ஷனில் எடுத்தவரிடம் பாக்கித் தொகையைச் சொன்னேன். அன்று சாயங்காலமே அவர் கட்டிவிட்டார், எங்கள் பலகையில் என் பெயருக்கு நேரே டிக் விழுந்தது. ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டு, "வேலையை விட்டு நிறுத்திட்டாங்க சார்" என்றார், அவ்வளவுதான். நான் செய்தது தவறு. அழுத்தத்தால் வசூலாகும் என்று நீங்கள் சொல்வது சரிதான், அப்படி வசூலானதற்கு அந்த மனிதர் கொடுத்த விலையையும் கணக்கில் எழுதுங்கள். காலை எட்டுக்கு முன், இரவு ஏழுக்குப் பின் கூப்பிடக் கூடாது என்ற விதி உங்களுக்கும் தெரிந்திருக்கும். விதியை மதித்து வசூலிப்பவராக நீங்கள் இருந்தால், இந்த மோசடிக்காரர்கள்மேல் என்னைவிட அதிகக் கோபம் உங்களுக்குத்தான் வர வேண்டும்.

சண்டையில் என் கேள்வி போய்விட்டது. 2,000 அனுப்பினேன், அமைதியாகிவிட்டார்கள். இனி வராது அல்லவா? (கோவை)

வரும். கட்டுபவர் என்று உங்களைக் குறித்துக்கொண்டிருப்பார்கள். இப்போதே 1930க்குப் பேசுங்கள், பணம் அடுத்தடுத்த கணக்குக்கு நகரும் முன் முடக்க வாய்ப்பு உண்டு. உங்கள் வங்கிக்கும் தெரிவியுங்கள்.

சுப்ரீம் கோர்ட் முத்திரையோடு பிடிஎஃப் வந்திருக்கிறது. கைது செய்வார்களா? (வேலூர்)

சேலத்துக்கு எழுதிய பதிலைப் படியுங்கள். கோர்ட் முத்திரையும் போலீஸ் எஃப்ஐஆர் எண்ணும் க்யூஆரும் ஒரே தாளில் இருந்தால் அது போலி.

வாட்ஸ்அப்பில் வீடியோ கால் போட்டு, டிஜிட்டல் அரெஸ்ட் என்கிறார்களே? (தஞ்சாவூர்)

அப்படி ஒன்று சட்டத்திலேயே கிடையாது. அழைப்பைத் துண்டியுங்கள், 1930க்குச் சொல்லுங்கள்.

நகைக் கடன் ஏலத்துக்குப் போகிறது, நிறுத்த முடியுமா? (நாகர்கோவில்)

அது என் துறை இல்லை, தெரியாமல் சொல்லி உங்கள் நகைக்கு ஆபத்து வரக் கூடாது. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு இன்றே போங்கள், 15100க்குக் கூப்பிட்டாலும் வழிகாட்டுவார்கள்.

நிஜமான என்பிஎஃப்சியின் ஆட்களே திட்டுகிறார்கள். யாரிடம் சொல்ல? (திருச்சி)

முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் அனுப்புங்கள். முப்பது நாளில் பதில் இல்லை, அல்லது திருப்தி இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனிடம் (குறை விசாரிக்கும் அதிகாரி) போங்கள், எண் 14448. பதிவு பெறாத ஆட்கள் என்றால் ரிசர்வ் வங்கியின் சச்சேத் என்ற புகார் இணையதளம்.

நான் கேட்கவே இல்லை, கணக்கில் 2,400 வந்து விழுந்திருக்கிறது. "தப்பாகப் போட்டுவிட்டோம், இந்த நம்பருக்குத் திருப்பி அனுப்புங்கள்" என்கிறார்கள். அனுப்பலாமா? (விழுப்புரம்)

அனுப்பாதீர்கள். தொடவும் தொடாதீர்கள். கேட்காமலே உங்கள் பெயரில் போட்ட கடனாக அது இருக்கலாம். அந்த நம்பருக்கு அனுப்பினால் உங்கள் பெயரில் கடன் அப்படியே நிற்கும், பணம் வேறொருவன் கைக்குப் போயிருக்கும். நாளைக் காலை வங்கிக் கிளைக்குப் போய், எனக்குத் தெரியாத வரவு என்று எழுதிக் கொடுத்து, வந்த கணக்குக்கே திருப்பச் சொல்லுங்கள். எழுதிக் கொடுத்த நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் கிளம்பாதீர்கள்.