கிறிஸ்துமஸ் வாரச் சவானாவும் ஜனவரிச் சவானாவும்

கேள்வி: அட்லாண்டா அருகே வசிக்கிறோம். கணவர் எச்-1பி எனும் வேலை விசாவில் பணியாற்றுகிறார். நான் அவரைச் சார்ந்தவருக்கான எச்-4 விசாவில் இருக்கிறேன், வேலைக்குச் செல்லவில்லை. மூன்று வயதில் ஒரு மகள். பிடித்தம் போக மாதம் 6,400 டாலர் கைக்கு வருகிறது, 5,500 செலவாகிறது. அவசரத் தேவைக்கென்று 9,000 டாலர் சேமித்திருக்கிறோம். கிரெடிட் கார்டில் 24 சதவீத வட்டியில் 2,800 டாலர் நிலுவை இருக்கிறது. தஞ்சாவூரிலிருந்து வந்திருக்கும் என் பெற்றோர் பிப்ரவரி இறுதியில் ஊர் திரும்புகிறார்கள். அப்பாவுக்கு வயது 67, சர்க்கரை நோய் உண்டு, அம்மாவுக்கு மூட்டுவலி. அவர்களைக் கிறிஸ்துமஸ் விடுமுறையில் மூன்று இரவுகள் எங்கள் ஜார்ஜியா மாநிலத்திலேயே இருக்கும் பழைய நகரமான சவானாவுக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறோம். நாங்கள் பார்த்த ஹோட்டலில் ஓர் அறைக்கு இரவுக்கு 289 டாலர். எங்களுக்கு இரண்டு அறைகள் வேண்டும். அதே ஹோட்டலில் ஜனவரி கடைசி வாரத்தில் வாடகை 149 டாலர்தான், ஆனால் கணவர் விடுப்பு எடுக்க வேண்டியிருக்கும். 15 மாதங்களுக்கு வட்டியில்லை என்று ஒரு புதிய கிரெடிட் கார்டு வந்திருக்கிறது. பயணச் செலவை அதில் போடலாமா, சேமிப்பிலிருந்து எடுக்கலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். பயணத்தை ஜனவரி கடைசி வாரத்துக்குத் தள்ளிவைத்தால், இன்று அக்டோபர் தொடக்கத்திலிருந்து மாதந்தோறும் மிஞ்சும் 900 டாலரைக் கொண்டே போய் வந்துவிடலாம். புதிய கார்டுக்கு உங்கள் வீட்டில் வேறொரு நல்ல வேலை இருக்கிறது.

முதலில் ஹோட்டல் கணக்கு. 2025 மே மாதம் நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் விதிப்படி, விருந்தினர் கட்டாயமாகச் செலுத்த வேண்டிய 'ரிசார்ட் கட்டணம்' போன்றவற்றை விளம்பரப்படுத்தும் வாடகையிலேயே சேர்த்துக் காட்ட வேண்டும். ஆகவே அந்தப் பழைய ஏமாற்று இப்போது குறைந்திருக்கிறது. ஆனால் அரசு வரிகளையும், விரும்பினால் மட்டும் பெறும் கார் நிறுத்தக் கட்டணத்தையும் அந்தத் தொகையில் காட்ட வேண்டியதில்லை. சவானாவில் விற்பனை வரியும் தங்கும் வரியும் சேர்ந்து ஏறத்தாழ 15 சதவீதம் ஆகின்றன. அதற்கு மேல் ஜார்ஜியா மாநிலம் ஒவ்வோர் அறைக்கும் ஒவ்வோர் இரவும் 5 டாலர் வாங்குகிறது. பழைய நகரப் பகுதி ஹோட்டல்களில் காரை நிறுத்த இரவுக்கு 50 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் கிறிஸ்துமஸ் வாரத்தில் இரண்டு அறை, மூன்று இரவுக்கு வாடகை 1,734, வரி 260, மாநிலக் கட்டணம் 30, கார் நிறுத்தம் 150, ஆக மொத்தம் 2,174 டாலர். ஜனவரியில் இதே கணக்கு 1,208 டாலரில் முடிகிறது. வித்தியாசம் 966 டாலர்.

கணவரின் விடுப்புக்கு விலை போடாமல் இந்த வித்தியாசத்தைப் பேசுவது நியாயமாகாது. ஞாயிறு காலை புறப்பட்டுப் புதன் மாலை திரும்பினால் மூன்று நாள் விடுப்பு போதும். 966 டாலரை மூன்றால் வகுத்தால் நாளொன்றுக்கு 322 டாலர் வருகிறது. அவர் கைக்கு வரும் ஒரு நாள் சம்பளமோ 300 டாலருக்கும் சற்றுக் குறைவு. விடுப்பு கையிருப்பில் இருந்தால், அதைச் செலவழிக்க இதைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஜனவரி மூன்றாம் திங்கட்கிழமை மார்ட்டின் லூதர் கிங் நினைவு விடுமுறை என்பதால், அதையொட்டிய வார இறுதியைத் தவிர்த்து அடுத்த ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுங்கள்.

மற்றச் செலவுகள் பெரியவை அல்ல. அட்லாண்டாவிலிருந்து சவானா ஏறத்தாழ 250 மைல். போகவர, ஊருக்குள் சுற்ற எல்லாம் சேர்த்துப் பெட்ரோலுக்கு 65 டாலர் போதும். ஐந்து பேர் எளிமையான உணவகத்தில் மதியம் சாப்பிட்டால் உணவுப் பட்டியலில் 90 டாலர் என்றிருக்கும்; 7 சதவீத வரியும் 18 சதவீத டிப்ஸும் சேர்ந்ததும் அது 112 டாலர் 50 சென்ட் ஆகிவிடும். நான்கு மதிய உணவுக்கு 450 டாலர். காலையையும் இரவையும் வீட்டிலிருந்து எடுத்துச் செல்வதைக் கொண்டு சமாளிக்கலாம். குளிர்பெட்டியும் மைக்ரோவேவும் உள்ள அறையாகக் கேட்டு வாங்குங்கள். தஞ்சாவூர்க்காரர்களுக்குப் புளியோதரை கட்டுவதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. மளிகைக்கு 80, நுழைவுச் சீட்டுகளுக்கு 150 என்று சேர்த்தால் ஜனவரிப் பயணம் 1,953 டாலரில் அடங்கும். கிறிஸ்துமஸ் பயணம் 2,919 டாலர் ஆகும்.

இப்போது கார்டு. நீங்கள் அதை வைத்து ஊர் சுற்ற நினைக்கிறீர்கள். நான் அதை வைத்துக் கடன் தீர்க்க நினைக்கிறேன். உங்கள் 2,800 டாலர் நிலுவை மாதம் 56 டாலர் வட்டியாகத் தின்றுகொண்டிருக்கிறது. புதிய கார்டின் வட்டியில்லாக் காலம் வேறு வங்கியிலிருந்து மாற்றும் பழைய நிலுவைக்கும் பொருந்துமா என்று விண்ணப்பிக்கும் முன்பே படித்துப் பாருங்கள்; பெரும்பாலும் 3 முதல் 5 சதவீதம் வரை மாற்றுக் கட்டணம் கேட்பார்கள். 3 சதவீதமென்றால் 84 டாலர், அதாவது ஒன்றரை மாத வட்டி. மொத்தம் 2,884 டாலரை 15 மாதங்களில் அடைக்க மாதம் 193 டாலர் போதும். ஒரே வங்கியின் இரண்டு கார்டுகளுக்கிடையே பொதுவாக இப்படி மாற்ற விடமாட்டார்கள் என்பதையும், மாற்றம் முடியும்வரை பழைய கார்டின் தவணையைத் தவறாமல் கட்ட வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். நிலுவை நிற்கும் கார்டில் புதிதாக எதை வாங்கினாலும் அன்றே வட்டி ஓடத் தொடங்கும் என்பதால், பழைய கார்டை எடுத்து அலமாரியில் வைத்துவிடுங்கள்.

மாதம் 900 டாலரில் இந்த 193 போக மிஞ்சுவது 707. அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்று மாதத்துக்கு 2,121 டாலர். ஜனவரிப் பயணத்துக்குப் போக 168 டாலர் கையில் நிற்கிறது. கிறிஸ்துமஸில் புறப்பட்டால் டிசம்பர் மாத மிச்சம் கைக்கு வந்து சேராது. 1,414 டாலரோடு கிளம்பி 1,505 டாலர் கடனோடு திரும்புவீர்கள்.

அவசரச் சேமிப்பைத் தொட வேண்டாம் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு உங்கள் விசாவே காரணம். எச்-1பி ஊழியர் வேலையிழந்தால், புதிய வேலை தேடவோ விசா நிலையை மாற்றவோ நாட்டைவிட்டுக் கிளம்பவோ அதிகபட்சம் 60 நாள் அவகாசம். உங்கள் செலவுக்கு அந்த 60 நாளுக்கே 11,000 டாலர் வேண்டும். இருப்பதோ ஏழு வாரத்துக்கான பணம். 24 சதவீதக் கடனை இந்தச் சேமிப்பிலிருந்து ஒரேயடியாகத் தீர்க்கும்படி வேறொருவருக்குச் சொல்லியிருப்பேன். ஒரே சம்பளத்தில் விசாவோடு வாழும் குடும்பத்துக்குச் சொல்ல மனம் வரவில்லை.

ஜனவரிச் சவானா மலிவுப் பதிப்பு அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். பகலில் 15, 16 டிகிரி செல்சியஸ், இரவில் 4 டிகிரி அளவில் இருக்கும். ஓக் மரங்கள் அங்கே குளிரிலும் இலையுதிர்க்காமல், நரைத்த தாடிபோல் பாசி தொங்க நிற்கும். கமேலியா பூக்கும் பருவமும் இதுவே. 1733இல் இந்த ஊரை நிறுவிய ஜேம்ஸ் ஓகில்தார்ப் வகுத்த திட்டப்படி வளர்ந்த, சிறு பூங்கா போன்ற 24 சதுக்கங்களில் 22 இன்றும் இருக்கின்றன. இவற்றைப் பார்க்கக் கட்டணமில்லை, இரண்டு மூன்று நிமிட நடையில் அடுத்த சதுக்கத்தின் பெஞ்சு வந்துவிடும். உங்கள் அம்மாவின் முழங்காலுக்கு இதைவிட ஏற்ற ஊர் அமெரிக்காவில் அதிகமில்லை. பழைய நகரைச் சுற்றும் டாட் பேருந்துக்கும் ஆற்றைக் கடக்கும் படகுக்கும்கூடக் கட்டணமில்லை. ஆற்றங்கரைத் தெரு மட்டும் விலக்கு: கப்பல்களில் பாரத்துக்காக வந்த கற்களைப் பதித்த மேடுபள்ளமான பாதை, இறங்கும் கற்படிகளோ செங்குத்து. நகர மன்றக் கட்டடத்தின் அருகே மின்தூக்கி இருக்கிறது, அதில் இறங்குங்கள். கீழே மிட்டாய்க் கடைகளில் பீக்கன் பருப்பைச் சர்க்கரைப் பாகில் புரட்டிய பிரலீனை இளஞ்சூடாக ஒரு துண்டு இலவசமாகக் கையில் வைப்பார்கள். எஞ்சிய 168 டாலருக்கு அங்கேதான் ஆபத்து, அப்பாவின் சர்க்கரைக்கும்தான்.

நுழைவுச் சீட்டுக்கு ஒதுக்கிய 150 டாலரில் டெல்ஃபேர் அருங்காட்சியகச் சீட்டைத் தவறவிடாதீர்கள். ஒரே சீட்டில் மூன்று இடங்கள். அவற்றில் ஓவன்ஸ்-தாமஸ் மாளிகை 1819இல் கட்டி முடிக்கப்பட்டது. அதன் பின்புறம் அடிமைகள் வாழ்ந்த அறைகளின் கூரையில் அன்று பூசிய நீலச் சாயம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கார் நிறுத்தத்துக்கும் ஒரு வழி உண்டு. எல்லிஸ் சதுக்கத்தில் இருந்த பழைய சந்தைக் கட்டடத்தை 1954இல் இடித்து அடுக்குமாடி வாகன நிறுத்தம் கட்டினார்கள்; அந்தக் கோபத்தில்தான் மறு ஆண்டு பழைய வீடுகளைக் காக்கும் இயக்கமே பிறந்தது. இப்போது அந்த அடுக்குமாடி போய்ச் சதுக்கம் மீண்டுவிட்டது, வாகன நிறுத்தம் நிலத்துக்கடியில் இருக்கிறது. நகராட்சி நடத்தும் இத்தகைய இடங்களின் கட்டணத்தை ஹோட்டல் கட்டணத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பகலில் காரைத் தொடாத உங்களுக்கு 150 டாலரில் ஒரு பகுதி மிஞ்சலாம்.

முன்பதிவின்போது, ரத்து செய்ய முடியாத பதிவுக்கு 10 சதவீதம் தள்ளுபடி என்று ஆசை காட்டினால் மறுத்துவிடுங்கள். 894 டாலர் வாடகையில் அது 89 டாலர். 2018 ஜனவரியிலும் 2025 ஜனவரியிலும் சவானாவிலேயே பனி பெய்தது; அதைவிட, முதியவர்களுக்கு முந்தின நாள் காய்ச்சல் வருவது இன்னும் சாதாரணம்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. பெற்றோரின் மருத்துவக் காப்பீடு அவர்கள் தங்கும் காலம் முழுவதற்கும் இருக்கிறதா, ஒவ்வொரு சிகிச்சைக்கும் குறிப்பிட்ட சிறு தொகை மட்டும் தரும் வகையா, மொத்த உச்சவரம்புவரை செலவை ஏற்கும் வகையா என்று இந்த வாரமே எடுத்துப் பாருங்கள். முதல் வகையாக இருந்தால், ஒரு முறை அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய் வந்தாலே மேற்சொன்ன கணக்கெல்லாம் கவிழ்ந்துவிடும். அப்பாவுக்கு ஏற்கெனவே உள்ள சர்க்கரை நோயால் திடீரெனத் தோன்றும் கோளாறு அதில் அடங்குமா, எத்தனை வயதுவரை என்ற வரியையும் தேடிப் படியுங்கள். அது இல்லையென்றால், மீதமுள்ள மாதங்களுக்கு வேறு காப்பீடு எடுத்த பிறகே ஹோட்டலுக்குப் பணம் கட்டுங்கள்.