போன் டிஸ்ப்ளேவை நானே மாற்றினேன், படம் வருகிறது, டச் வேலை செய்யவில்லை. போர்டு (போனின் முக்கிய சர்க்யூட் பலகை) போய்விட்டதா?

அவசரப்பட்டு போர்டைக் கைவிடாதீர்கள். படம் தெளிவாக வந்து டச் மட்டும் இல்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது டிஸ்ப்ளேவைப் போர்டோடு இணைக்கும் கனெக்டரை. படத்துக்கும் டச்சுக்கும் தனித்தனிப் பின்கள். ஒரு ஓரம் சரியாக உட்காராவிட்டாலும் படம் வரும், டச் வராது.

குளச்சலில் என் மாமா விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கடற்கரையில் தடைக்காலம் என்பதால் கரையில் இருந்தார். பைக் குழியில் இறங்கியதில் சட்டைப் பையிலிருந்த போன் ரோட்டில் விழுந்து டிஸ்ப்ளே போனது. கேரளாவுக்குக் கல் ஏற்றிப் போகும் டாரஸ் லாரிகள் எங்கள் மாவட்டத்து ரோடுகளை என்ன பாடுபடுத்துகின்றன என்று இங்கே வந்து பார்த்தால்தான் தெரியும். எத்தனை மனு கொடுத்தாலும் மழைக்கு முன் மண்ணைப் போட்டு மூடுகிறார்கள், மழையில் அது கரைந்து போகிறது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

"மக்ளே, நீயே மாத்திக் குடு" என்றார். காம்போ (டிஸ்ப்ளேவும் டச் கண்ணாடியும் சேர்ந்த பாகம்) வாங்கி மாட்டினேன், டச் இல்லை. நாகர்கோவிலில் ஒரு கடையில் காட்டினோம். திறந்துகூடப் பார்க்காமல், "உப்புத்தண்ணி பட்ட போர்டு, புதுசு வாங்குங்க" என்றார்கள். கடற்கரை ஆள் என்று தெரிந்தாலே இந்தப் பதில்தான். எனக்கு அது பொறுக்கவில்லை.

வீட்டில் போனை அணைத்து, பேட்டரி கனெக்டரைக் கழற்றி, லென்ஸ் வைத்துப் பார்த்தேன். போர்டு பக்கத்துச் சாக்கெட்டின் ஒரு மூலையில் மெல்லிய பச்சைப் பூஞ்சை போல உப்பு படிந்திருந்தது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய பிரஷால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, கனெக்டரை நேராக வைத்து 'டக்' என்று உட்காரும்வரை அழுத்தினேன். கடைசியாகத்தான் பேட்டரியை மாட்டினேன். டச் வந்துவிட்டது. இன்றும் அதே போன்தான் மாமாவிடம் இருக்கிறது.

டெக்னீசியன் நண்பர்கள் சண்டைக்கு வர வேண்டாம், எல்லா போனுக்கும் இதுதான் காரணம் என்று சொல்லவில்லை. டிஸ்ப்ளேயிலிருந்து வரும் பட்டை வயரான ஃபிளெக்ஸ் கேபிள் மடங்கி அறுந்திருக்கலாம், பின் வளைந்திருக்கலாம். விலை குறைந்த காம்போ என்றால் அதிலுள்ள டச் சிப் உங்கள் போன் மென்பொருளோடு ஒத்துப்போகாமலும் இருக்கலாம். 2018-இல் ஐஓஎஸ் 11.3 வந்தபோது, ஆப்பிள் சர்வீஸுக்கு வெளியில் டிஸ்ப்ளே மாற்றிய ஐபோன் 8 போன்களில் டச் நின்றுபோனது, 11.3.1-இல்தான் சரியானது. அதனால் பழைய டிஸ்ப்ளேயில் டச் இன்னும் இருந்தால் அதைத் திரும்ப மாட்டிப் பாருங்கள். அதில் வேலை செய்தால் கோளாறு புதிய காம்போவில்தான், கடையில் மாற்றித் தரச் சொல்லுங்கள்.

மறுபடி பிரிப்பதற்கு முன், ஓடிஜி வசதி (சார்ஜ் போடும் துளையில் மௌஸ், பென்டிரைவ் மாட்டும் வசதி) உள்ள போன் என்றால் ஒரு மௌஸைச் செருகி போட்டோ, நம்பர் எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிடுங்கள். டச்சைத் திரை முழுக்கச் சோதித்த பிறகே பசை போட்டு ஒட்டுங்கள்.