வாசகர் கேள்வி – பதில்: செவ்வாயின் வாள்வீரர்கள்

கேள்வி: செவ்வாய்க் கிரகத்தில் நடப்பதாக எழுதப்பட்ட பழைய சாகசக் கதைகளில் துப்பாக்கியும் வான்கலமும் இருக்கும்போதே வீரர்கள் வாளை உருவிக்கொண்டு மோதுகிறார்களே, இது எழுத்தாளரின் வசதிக்காகத்தானா?

பதில்: வசதியும் உண்டு. ஆனால் அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ரைஸ் பர்ரோஸ் அதற்கு ஒரு நியாயத்தைக் கதைக்குள்ளேயே அமைத்துவிட்டார். 1912-இல் இதழ்த் தொடராக வெளிவந்து, 1917-இல் ‘எ பிரின்சஸ் ஆஃப் மார்ஸ்’ என்று நூலான கதையில், பச்சை நிறத் தார்க் இனத்தவரின் ரேடியம் துப்பாக்கி கணக்கின்படி 300 மைல் வரை சுடக்கூடியது. அப்படியிருந்தும், நீண்ட வாளுடன் ஒருவன் எதிர்த்து வந்தால் அதே ஆயுதத்தாலோ அதைவிடச் சிறியதாலோதான் அவனைச் சந்திக்க வேண்டும் என்பது அவர்களுடைய எழுதப்படாத சட்டம். குத்துவாள், கைக்கோடரி, வெறுங்கை எதுவும் ஆகும். துப்பாக்கியும் ஈட்டியும் ஆகா. காட்டுமிராண்டிகள் என்று நமக்கு அறிமுகமாகிறவர்களிடம்தான் இத்தனை கண்டிப்பான போர்முறை இருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

கேள்வி: இத்தகைய கதைகள் பின்னாளில் ஏன் அருகிவிட்டன?

பதில்: வற்றிவரும் செவ்வாயில் துருவப் பனிநீரைக் கொண்டுசெல்லக் கால்வாய்கள் வெட்டப்பட்டிருக்கின்றன என்று வானியலாளர் பெர்சிவல் லோவெல் 1895 முதல் எழுதிவந்ததே இக்கற்பனைக்கு நிலமாக இருந்தது. 1965 ஜூலையில் மரைனர் 4 விண்கலம் அனுப்பிய படங்களில் பள்ளங்கள் நிறைந்த வெறுந்தரையே தெரிந்தது. எழுத்தாளர் லீ பிராக்கெட் 1974-இல் தம் நாயகன் எரிக் ஜான் ஸ்டார்க்கை மீண்டும் எழுதியபோது, சூரிய மண்டலத்துக்கு வெளியே ஸ்கெய்த் என்னும் கற்பனைக் கிரகத்துக்கு அவனைக் கொண்டுபோய்விட்டார். அந்த நாயகனைப் பற்றி அடுத்த பதிலில் சொல்கிறேன்.

கேள்வி: ‘காட்டுமிராண்டி வீரன்’ என்பது உடல் வலிமையைப் போற்றுவதைத் தவிர வேறெதையாவது சொல்கிறதா?

பதில்: சொல்கிறது. அதை உணர, பேச்சு புரியாதவனைக் குறிக்கவே கிரேக்கர்கள் ‘பார்பரோஸ்’ என்ற சொல்லை முதலில் வழங்கினார்கள் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். நம் முல்லைப்பாட்டும், அரசனின் பாசறையில் காவல் நிற்கும் மிலேச்சரை, அதாவது அயல்நாட்டவரை, ‘உடம்பின் உரைக்கும் உரையா நாவின்’ என்று, சைகையால் மட்டும் பேசுகிறவர்களாகவே காட்டுகிறது. நமக்கு மொழி புரியாதபோது எதிரில் நிற்பவன் காட்டுமிராண்டியாகிவிடுகிறான்.

பர்ரோஸின் நாயகன் ஜான் கார்ட்டர் காட்டுமிராண்டி அல்லன். அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட அமெரிக்கத் தென்மாநிலப் படையின் கேப்டன், அதை வாசகர் மறக்கலாகாது. நான்கு கைகளும் பதினைந்து அடி உயரமும் கொண்ட தார்க்குகள், பிறர் வேதனையைக் கண்டு சிரிப்பவர்களாகவும், முட்டையிலிருந்து பிறந்து தாய் தந்தை இன்னாரென்று அறியாதவர்களாகவும் அவனுக்குத் தோன்றுகிறார்கள். அவர்களுடைய மொழியை அவன் கற்ற பிறகு, சோலா என்ற தார்க் பெண் தன் கதையைச் சொல்கிறாள். சட்டத்துக்கு மாறாகக் காதலித்த அவள் தாய், தன் முட்டையை ஐந்து ஆண்டுகள் மறைத்து வைத்துக் காத்து, பிறந்த மகளை மற்றக் குழந்தைகளுடன் கலந்துவிட்டு, காதலனின் பெயரைக் காட்டிக்கொடுக்காமலே சித்திரவதையில் இறந்தாள். அந்தக் காதலன்தான் கொடிய தலைவன் டார்ஸ் டார்காஸ். நூல் முழுவதிலும் என்னை உலுக்கிய பக்கங்கள் இவையே; கார்ட்டரின் வாள்வீச்சு அல்ல. ராபர்ட் ஹோவார்டு எழுதி, அவர் இறந்த பின் 1939-இல் வெளிவந்த ‘அல்முரிக்’ கதையில் பூமிக்குப் பொருந்தாத முரடன் ஒருவன் வேற்றுக் கிரகத்தில் நிறைவு காண்கிறான். அங்கே வலிமையின் களிப்பு இருக்கிறது, இந்த ஆழம் இல்லை.

பிராக்கெட் ஒரு படி மேலே போனார். ஸ்டார்க் புதன் கிரகத்தின் சுரங்கக் குடியேற்றத்தில் பிறந்து, பெற்றோரை இழந்து, அங்குள்ள பழங்குடியினரால் வளர்க்கப்பட்டவன். அவனை வளர்த்தவர்களைக் கொன்று, அவனைக் கூண்டில் அடைத்தவர்கள் நாகரிக மனிதர்களான சுரங்கக்காரர்கள். மீட்டவர் சைமன் ஆஷ்டன் என்ற அதிகாரி. 1949-இல் வெளிவந்த முதல் கதையின் தொடக்கத்தில், சுரங்க நிறுவனத்தை எதிர்த்த வெள்ளிக் கிரகத்துச் சதுப்புநில மக்களுக்கு ஆயுதம் கடத்திய குற்றத்துக்காகத் தேடப்படும் ஸ்டார்க், செவ்வாய்ப் பாலைவனத்தில் ஏறிவந்த விலங்கு களைத்து விழ, சுற்றி வளைக்கப்பட்டு, பேச்சையே மறந்த மிருகம்போல நிற்கிறான். அவனை நோக்கித் தனியே வரும் ஆஷ்டன் மனிதர் அதிகம் கேட்டிராத அந்தப் புதன் கிரகத்து மொழியில், அவனை வளர்த்தவர்கள் இட்ட பெயரைச் சொல்லி அழைக்கிறார்: “என்சாக்கா!” குலமற்றவன் என்பது அதன் பொருள்.