பயனீட்டாளர் கேள்வி-பதில்: தரை போடும் முன்

கே: மான்செஸ்டரில் மகள் வாங்கிய வீட்டில் தரைக்கடியில் வெந்நீர்க் குழாய் ஓடி வீட்டைச் சூடாக்குகிறது. மலேசியாவிலிருந்து மெர்பாவ் மரப்பலகை அனுப்பப் போகிறேன். கிள்ளான் கடைக்காரர், “கெட்டி மரம், எதையும் தாங்கும்” என்கிறார். – பிரிக்பீல்ட்ஸ் வாசகி

ப: அனுப்பாதீர்கள் அம்மா. கடைக்காரர் சொல்வது நம் ஊருக்குச் சரி. இங்குள்ள காற்றில் பலகை ஏறத்தாழ 15 சதவீத ஈரத்தோடு இருக்கும். அங்கே குளிர்காலத்தில் அடியிலிருந்து சூடேறும்போது அதில் பாதி போய்விடும். பலகை சுருங்கும், இடுக்கு விழும். தடித்த மரம் சூட்டை மேலேயும் விடாது.

பீங்கான் டைல்ஸும் கல்லும்தான் சூட்டை நன்றாகக் கடத்தும். மரம்தான் வேண்டுமென்றால் இன்ஜினியர்டு வுட் (ஒட்டுப்பலகை அடுக்குகள் மேல் மெல்லிய நிஜ மரம் ஒட்டியது) வாங்கச் சொல்லுங்கள். அதிலும் தரையின் மேற்பரப்பு 27 டிகிரி செல்சியஸைத் தாண்டாமல் வைக்க வேண்டும்.

இந்த வியாபாரத்தில் எனக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு. உள்ளங்கை அளவு மாதிரித் துண்டை நீட்டுவார்கள். அதற்கடியில் விரிக்கும் நுரைப் படலத்தைப் பற்றி வாயே திறக்க மாட்டார்கள். வெப்பத்தடையை, அதாவது சூட்டை எவ்வளவு தடுக்கிறது என்ற எண்ணை, பலகை, நுரை இரண்டுக்கும் சேர்த்தே கணக்கிட வேண்டும். மொத்தம் 0.15-க்குள் (அட்டையில் m²K/W என்ற அலகில் இருக்கும்) அடங்க வேண்டும். பலகைக்கு 0.10 என்று போட்டிருந்து, நுரை 0.08 என்றால் வரம்பு தாண்டிவிட்டது. இதை மறைத்து விற்பது ஏமாற்று வேலை. இரண்டு எண்ணையும் எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

கே: லீட்ஸில் இருக்கும் அண்ணி இதே மாதிரித் தரைமேல் கம்பளம் போடலாமா? – ஜார்ஜ்டவுன்

ப: கம்பளமும் அடிவிரிப்பும் சேர்ந்து 2.5 டோக்குக்குள் (டோக் என்பது கம்பளம் சூட்டைத் தடுப்பதற்கான அளவு) இருந்தால் போடலாம். டோக் எண் எழுதாத கம்பளம் வேண்டாம்.

கே: புது வீட்டுச் சாவி வாங்கி 14 மாதம்தான் ஆகிறது. நள்ளிரவில் ‘டமார்’ என்று வெடித்து வரவேற்பறை டைல்ஸ் கூடாரமாய் எழும்பிவிட்டது. வெயிலால் வந்தது என்று மேம்பாட்டாளர் கைவிரிக்கிறார். – செராஸ்

ப: பயப்படாதீர்கள், நியாயம் உங்கள் பக்கம். வெயில் எல்லா வீட்டிலும்தான் அடிக்கிறது. கலவையை முழுதாகப் பரப்பாமல், விரிவதற்கு இடைவெளியும் விடாமல் நெருக்கி ஒட்டினால் இப்படித்தான் எழும்பும். மற்ற டைல்ஸை 20 சென் காசால் தட்டிப் பாருங்கள். ‘டொம்’ என்று வெற்றொலி வருவதில் மார்க்கரால் குறியிட்டுப் படம் எடுங்கள். குறைபாட்டுப் பொறுப்புக் காலம் 24 மாதம். எழுத்தில் புகார் கொடுத்த 30 நாளுக்குள் தம் செலவில் சரிசெய்வது மேம்பாட்டாளர் கடமை. மசியாவிட்டால் வீடு வாங்குவோர் தீர்ப்பாயத்துக்குப் போங்கள்.

கே: “வாட்டர்ப்ரூஃப்” என்று விற்ற லாமினேட் குளியலறை வாசலில் உப்பிவிட்டது. 9,000 வெள்ளி. உத்தரவாத அட்டையைப் படிக்கவில்லை. – பாயான் லெப்பாஸ்

ப: 9,000 வெள்ளி கொடுப்பவர் அரைப் பக்க அட்டையைப் படிக்க வேண்டாமா? எங்கள் சமையலறைக்கும் இதே சொல்லைச் சொல்லித்தான் விற்றார்கள். மேல்தகடு அப்படியே இருந்தது. மூட்டு வழியே இறங்கிய தண்ணீரில் நடுப்பலகை ஊறிவிட்டது. விற்றவர் வாட்சாப்பில் அந்தச் சொல்லை எழுதியிருந்தால் அழிக்காதீர்கள். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டி 50,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை.

கே: பழைய டைல்ஸ் மேலேயே எஸ்பிசி (கல்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த தரைப்பலகை) போடலாமா? – செந்தூல்

ப: தரை மட்டமாக இருந்து, தட்டும்போது வெற்றொலியும் வராவிட்டால் போடலாம். கதவு அடியில் உரசுமா என்று முதலில் அளந்துகொள்ளுங்கள்.